அழிக்கப்படாத கரும்பலகை: நம் வகுப்புகளுக்கு விக்கி ஏன் வேண்டும்?

2020-ஆம் ஆண்டில் நான் நான்காம் படிவத்தில் படித்துக் கொண்டிருந்தேன். ஜாசின் மாவட்டத்தின் நான்கு இடைநிலைப்பள்ளிகளைச் சேர்ந்த பதின்மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓரிடத்தில் கூடி, எஸ்பிஎம் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் படித்து வந்தோம். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வகுப்பு நின்று போனது.

டீச்சர் முதலில் புலனக் குழுவில் குறிப்புகளை அனுப்பினார். இரண்டு வாரத்தில் அது சந்தைக்கடையாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அனுப்பிய விளக்கம் வியாழக்கிழமைக்குள் வணக்கங்களுக்கும் வாழ்த்துப் படங்களுக்கும் அடியில் புதைந்துவிடும். ஒரே கேள்வியை ஐந்து பேர் ஐந்து நாளில் கேட்பார்கள். ஒரு நாள் டீச்சர் இலவச விக்கித் தளம் ஒன்றைத் திறந்து, எங்கள் பதின்மூன்று பேருக்கும் கடவுச்சொல் கொடுத்தார். "இது என் குறிப்பேடு இல்லை, நம் குறிப்பேடு. எல்லாரும் எழுதலாம், எல்லாரும் திருத்தலாம்" என்றார். எங்களில் யாரும் திருத்தவில்லை. ஆசிரியர் எழுதியதில் கை வைப்பதா?

நாங்கள் படித்த சிறுகதைகள் பலவற்றின் களம் ரப்பர் தோட்டம். பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் பெரட்டு, தீம்பார், மங்கு, கிராணி என்ற சொற்கள் புரியவில்லை. அதனால் 'தோட்டச் சொற்கள்' என்று ஒரு பக்கத்தை டீச்சரே தொடங்கினார். அதில் 'ஒட்டுப்பால்' என்பதற்கு 'மங்கில் சேரும் ரப்பர் பால்' என்று எழுதியிருந்தார்.

மெர்லிமாவ் பக்கத்தைச் சேர்ந்த என் தோழி அதைத் தன் பாட்டியிடம் வாசித்துக் காட்டினாள். பல வருடம் பால் மரம் வெட்டியவர் அவர். "யாரு எழுதுனது இது? மங்குல விழறது பாலு. வெட்டுன கோட்டு மேலயே ஒட்டிக் காஞ்சு கெடக்குமே, உரிச்சு எடுப்போமே, அதான் ஒட்டுப்பாலு" என்றாராம். இரவு பதினொரு மணிக்கு அவள் 'தொகு' என்ற பொத்தானை அழுத்தி, டீச்சரின் வரியை மாற்றிச் சேமித்துவிட்டாள். அடுத்த நிமிடமே எனக்குப் புலனத்தில் செய்தி: "டீச்சர் எழுதினத அழிச்சிட்டேன். திட்டுவாங்களா?"

காலையில் அந்தப் பக்கத்தின் உரையாடல் பகுதியில் டீச்சர் இரண்டு வரி எழுதியிருந்தார். "திருத்தியதற்கு நன்றி. நான் பட்டணத்தில் வளர்ந்தவள். 'கட்டிப்பால்' என்றால் என்னவென்றும் பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள்."

அன்றிலிருந்துதான் நாங்கள் எழுதத் தொடங்கினோம்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். வகுப்புகளில் எத்தனையோ செயலிகள் வந்து போகின்றன. ஆனாலும் அந்த இரண்டு வரிகளை மறக்க முடியவில்லை. நம் நாட்டில் இயங்கலைக் கல்வி பற்றிய பேச்சு கருவி, இணைய வேகம், கடவுச்சொல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. மாணவர் எழுதியது அடுத்த ஆண்டுக்கு மிஞ்சுமா, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒன்றை உருவாக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. மலாக்காவின் சிறிய தமிழ்ப்பள்ளிகளுக்கும் சிதறிக் கிடக்கும் தமிழ் வகுப்புகளுக்கும் இந்தக் கேள்வி மிக முக்கியமானது.

மூன்று பொத்தான்கள்

விக்கிப்பீடியா 2001-இல் பிறந்தது. அதற்கு முன்பே விக்கி பிறந்துவிட்டது. அமெரிக்க மென்பொருளாளர் வார்டு கன்னிங்ஹாம் 1995-இல் முதல் விக்கித் தளத்தை வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் 'விரைவு'. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்தின் பெயர் அவர் நினைவில் இருந்ததாம். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் அனுபவத்தை ஒரே இடத்தில் எழுதவும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் செம்மைப்படுத்தவும் அவர் அதை உருவாக்கினார்.

தமிழ் விக்கிப்பீடியாவின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே மூன்று சொற்களைக் காணலாம்: தொகு, உரையாடல், வரலாறு. வீட்டுப்பாடத்துக்கு நகலெடுக்கப் போகும் நம்மில் பலர் இவற்றை ஒரு முறைகூட அழுத்தியதில்லை. 'தொகு' என்றால் யாரும் எழுதலாம். 'உரையாடல்' என்றால் ஏன் அப்படி எழுதினோம் என்று வாதாடலாம். 'வரலாறு' என்றால் யார், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பதெல்லாம் பதிவாகி இருக்கும். தவறாக ஏதேனும் அழிந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். எங்கள் வகுப்பில் ஒருவன் கைத்தொலைபேசியில் எழுதும்போது இணைமொழிப் பக்கம் முழுவதையும் தவறுதலாக அழித்துவிட்டான். பயந்து போய் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. வரலாற்றுப் பக்கத்திலிருந்து அதை மீட்க டீச்சருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வகுப்பறைக்கு இந்த மூன்றுமே தேவை. கரும்பலகையில் ஆசிரியர் எழுதுகிறார், மணி அடித்ததும் அழிக்கிறார். விக்கி அழிக்கப்படாத கரும்பலகை. சுண்ணக்கட்டியும் எல்லார் கையிலும் இருக்கிறது.

புலனமும் கூகுள் வகுப்பறையும் போதாதா?

நியாயமான கேள்வி. புலனம் பேசுவதற்கு நல்லது, ஆனால் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். கூகுள் வகுப்பறை பாடத்தைக் கொடுக்கவும் விடையை வாங்கவும் நல்லது. ஆனால் அங்கே மாணவர் எழுதும் விடை ஆசிரியர் ஒருவருக்கே போகிறது. அவர் மதிப்பெண் போட்டுத் திருப்பித் தருகிறார். பக்கத்துப் பள்ளி மாணவருக்கும் அடுத்த ஆண்டு மாணவருக்கும் அது தெரிவதில்லை. ஒரே பாடலுக்கு விளக்கத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வகுப்பும் முதலிலிருந்து எழுதுகிறது.

விக்கியில் எழுதும்போது வாசகர் மாறிவிடுகிறார். ஆசிரியருக்காக எழுதும்போது, 'அவருக்குத்தான் தெரியுமே' என்று பாதியில் விட்டுவிடுவோம். தெரியாத ஒருவருக்காக எழுதும்போது அப்படி விட முடியாது. 'மேடு பள்ளம்' என்ற இணைமொழிக்கு நான் எழுதிய விளக்கத்தை மூன்றாம் படிவத் தம்பி ஒருவன் படித்துவிட்டு, "புரியல, வாழ்க்கையில ஏது பள்ளம்?" என்று உரையாடல் பகுதியில் கேட்டான். அவனுக்காக நான் அதை மூன்று முறை மாற்றி எழுதினேன். எந்தத் தேர்வுத்தாளும் எனக்கு அவ்வளவு கற்றுக்கொடுக்கவில்லை.

சிறிய தளம் என்பதில் இன்னொரு நன்மையும் இருந்தது. இல்லிருப்புக் கற்றல் நாள்களை நினைத்துப் பாருங்கள். 2020-இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. கருவி இருந்தவர்களிலும் பலருக்குக் கைத்தொலைபேசிதான். அதையும் அண்ணன், தங்கையோடு பகிர வேண்டும். காணொலி வகுப்புக்கு ஒரே நேரத்தில் எல்லாரும் வர வேண்டும், தரவும் நிறைய செலவாகும். விக்கிப் பக்கம் வெறும் எழுத்து. அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, அவர் தொலைபேசியில் இரவு பத்து மணிக்கு எழுதியவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள்.

தளங்கள் மாறின, எழுத்து எங்கே?

நம் கல்வி அமைச்சு கடந்து வந்த பாதையையும் பார்ப்போம். 2011-இல் 1பெஸ்தாரிநெட் திட்டம் தொடங்கப்பட்டது. நாட்டின் ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதியும், ஃபிராக் விஎல்இ என்ற மெய்நிகர் கற்றல் தளமும் கொடுப்பது அதன் நோக்கம். அந்தத் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019-இல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் கூகுள் வகுப்பறைக்கு மாறும்படி பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது. 2020 ஜூனில் கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய மூன்றின் கருவிகளையும் ஒரே வாசலில் சேர்த்து டெலிமா வந்தது.

பத்து ஆண்டுகளுக்குள் மூன்று வாசல்கள். ஒவ்வொரு முறையும் ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போனார்கள், புதிய கடவுச்சொல் வாங்கினார்கள், குறிப்புகளைப் புதிதாக ஏற்றினார்கள். டெலிமா பயனுள்ள தளம்தான், அதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் வாசல் மாறும்போது உள்ளே இருந்தவை என்னவாகின்றன என்ற கேள்வியைத் திட்டம் போடும்போதே கேட்க வேண்டும்.

இது நம் நாட்டுச் சிக்கல் மட்டுமல்ல. உலகம் முழுவதும் ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் என்ற சேவை 2005-இல் தொடங்கியது. வெவ்வேறு நாட்டு வகுப்புகள் அதில் சேர்ந்து திட்டப்பணிகள் செய்தன. 2018-இல் அது வகுப்புகளுக்கான சேவையை மூடியது. தம் பக்கங்களை முன்கூட்டியே தரவிறக்கி வைத்த ஆசிரியர்களிடம் அவை இருக்கின்றன. மற்றவர்களின் வகுப்புப் பக்கங்கள் போய்விட்டன. விக்கி என்ற முறை நல்லது என்பதால் எந்த விக்கித் தளமும் நிரந்தரம் என்று ஆகிவிடாது. வாடகை வீட்டில் இருக்கிறோம் என்ற நினைவு வேண்டும்.

தமிழில் நடந்த சோதனைகள்

ஆசிரியர்களும் மாணவர்களும் தமிழில் விக்கி எழுதுவது புதிய கனவல்ல. வெற்றியும் தோல்வியுமாகப் பல அனுபவங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதன் அடித்தளத்தை இட்டவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞரான இவர் ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். சம்பளம் இல்லாத தன்னார்வலர்களின் உழைப்பால் 2017-இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது.

2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ்நாடு அரசும் தமிழ் விக்கிப்பீடியர்களும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தினார்கள். மருத்துவ மாணவர் மருத்துவத்தைப் பற்றியும், பொறியியல் மாணவர் பொறியியலைப் பற்றியும் தமிழில் எழுத ஒரு வாய்ப்பு கிடைத்தது. 2017-இல் தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வித் துறை ஆசிரியர்களுக்கு மாவட்டம்தோறும் விக்கிப்பீடியா பயிற்சி கொடுத்தது. அந்தக் காலத்துக் கட்டுரைகளின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், 'டிஎன்எஸ்இ' என்ற எழுத்துகளில் தொடங்கும் பயனர் பெயர்களை இன்றும் பார்க்கலாம். அவர்கள்தான் அந்த ஆசிரியர்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கும் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே சான்று உண்டு. ஏறக்குறைய 2009 முதல், கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தி, கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிச் சேர்த்தது. கட்டுரைகள் நீளமாக இருந்தன, ஆனால் வாசிக்கக் கடினமாக இருந்தன. எந்தத் தலைப்பு வேண்டும் என்று தமிழ் வாசகரிடம் யாரும் கேட்கவில்லை. பிழை திருத்தும் வேலை தன்னார்வலர் தலையில் விழுந்தது. 2010-இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் இந்தக் குறைகளை எடுத்து வைத்தார். உரையாடல் பக்கத்துக்கு வராதவர் எவ்வளவு எழுதிக் கொட்டினாலும் அது கூட்டு முயற்சி ஆகாது.

இலங்கைத் தமிழர்களின் நூலகம் திட்டம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. 2005-இல் தொடங்கிய இந்த இயங்கலை நூலகமும் விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் நடக்கிறது. நூல்கள் மட்டுமல்லாமல் இதழ்கள், நினைவு மலர்கள், பள்ளி மலர்கள் என எளிதில் தொலைந்து போகக்கூடியவற்றையும் அது சேகரித்து வைத்திருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டதைக் கண்ட ஒரு சமூகத்துக்குப் பிரதி எடுத்து வைப்பதன் அருமை தெரியும்.

நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. 'மலாக்கா முத்துக்கிருஷ்ணன்' என்ற பெயரை நாளிதழ் வாசகர்கள் அறிவார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசிய ஊர்கள், மனிதர்கள், தமிழ்ப்பள்ளிகள் பற்றிய கட்டுரைகள் பலவற்றை எழுதியவர் அவர். ஒருவர் இவ்வளவு செய்ய முடிகிறது என்றால், நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தால் என்ன செய்யலாம்?

21 பள்ளிகள், ஒரு பக்கம்கூட இல்லையா?

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கல், அலோர் காஜா, பூலாவ் செபாங், தெபோங் என்று பரவிக் கிடக்கின்றன. பலவற்றின் பெயரில் இன்னும் 'தோட்டம்' ஒட்டிக் கொண்டிருக்கிறது, சுற்றியிருந்த தோட்டமோ மாறிவிட்டது. ரப்பர் செம்பனையாகிவிட்டது, செம்பனை சில இடங்களில் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, லயத்துக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகளை அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. அத்தகைய பள்ளியில் ஓர் ஆண்டு வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகளே இருந்தால், குழுத் திட்டம் என்று எதைச் செய்வது?

இடைநிலைப்பள்ளியில் நிலைமை இன்னும் கடினம். 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்தலாம். நம் பிள்ளைகள் பல பள்ளிகளுக்குச் சிதறிப் போகும்போது, இங்கே ஏழு பேர், அங்கே ஒன்பது பேர் என்று ஆகிவிடுகிறது. தமிழ் இலக்கியம் எடுப்பவர்களில் பலர் பள்ளி நேரத்துக்கு வெளியேதான் படிக்கிறார்கள். இப்படிச் சிதறிய கூட்டத்தை ஒரு பக்கத்தில் கூட்டுவதற்காகவே செய்யப்பட்டது போல இருக்கிறது விக்கி. ஏழும் ஒன்பதும் அங்கே பதினாறு.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். 1896-இல் டான் சாய் யான், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அது. பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய மரம் இந்த மாநிலத்தின் மண்ணில்தான் வணிகப் பயிராக வேர் விட்டது. ரப்பரை யார் நட்டார் என்பது பாடநூலில் கிடைக்கும். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு எழுந்தவர் யார், எந்தச் சடக்கு வழியாகத் தீம்பாருக்கு நடந்தார், மழை பெய்த நாளில் என்ன சாப்பிட்டார் என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. அது நம் பாட்டி, தாத்தா தலையில் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிறது.

இங்கே ஒரு விதியை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டி சொன்னதை நேராக விக்கிப்பீடியாவில் எழுத முடியாது. அது சொந்த ஆய்வை ஏற்பதில்லை. ஏற்கெனவே வெளியான நம்பகமான சான்று கேட்கும். இது குறை அல்ல, கலைக்களஞ்சியத்துக்கு அது தேவை. அதனால் நமக்கு இரண்டு அடுக்கு வேண்டும். முதல் அடுக்கு, வகுப்பின் சொந்த விக்கி. பாட்டியின் சொல், பழைய புகைப்படத்தின் விளக்கம், தோட்டத்து வரைபடம் எல்லாம் அங்கே சேரலாம். இரண்டாவது அடுக்கு, விக்கிப்பீடியா. பள்ளி நினைவு மலர், நாளிதழ்ச் செய்தி, நூல் ஆகியவற்றில் வெளிவந்த செய்தியை, சான்று காட்டி அங்கே எழுதலாம். மலாக்காத் தமிழ்ப்பள்ளிகள் பற்றிய பக்கங்களைத் திறந்து பாருங்கள். உங்கள் பள்ளியைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது, எத்தனை சான்று இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேலை அங்கிருந்தே தொடங்கும்.

எதிர்ப்புகளும் என் குற்றமும்

"மாணவர்கள் நகலெடுத்துத்தான் ஒட்டுவார்கள்" என்பது முதல் எதிர்ப்பு. உண்மை. நானே செய்தேன். ஒரு கவிஞரைப் பற்றிய பக்கத்தில், வேறொரு தளத்திலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்து ஒட்டினேன். வரலாற்றுப் பக்கத்தில் ஒரே நிமிடத்தில் இருநூறு சொற்கள் ஏறியிருந்தன. டீச்சர் உரையாடல் பகுதியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது யாருடைய வாக்கியம்?" எல்லாரும் பார்க்கும் இடத்தில் அந்தக் கேள்வி இருந்தது. நானே அழித்துவிட்டு, என் சொற்களில் எட்டு வரி எழுதினேன்.

சாட்ஜிபிடி 2022 இறுதியில் வந்த பிறகு இந்தச் சிக்கல் பெரிதாகிவிட்டது. ஒரு நிமிடத்தில் கட்டுரை வருகிறது. எழுதியது மாணவரா, இயந்திரமா என்று ஆசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். யூபிஎஸ்ஆர், பிடி3 தேர்வுகள் எடுக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீட்டின் எடை கூடியிருக்கும் நேரத்தில் இது சின்ன விஷயமில்லை. முடிந்த கட்டுரையை மட்டும் பார்த்தால் கண்டுபிடிப்பது கடினம். மூன்று வாரமாக எழுதி, அடித்து, நண்பனோடு வாதாடி, மீண்டும் எழுதிய வரலாறு இருந்தால், உழைப்பு கண்ணுக்குத் தெரியும். அதையும் ஏமாற்ற நினைப்பவர் ஏமாற்றலாம்தான். ஆனால் ஏமாற்றும் வேலை, எழுதும் வேலையைவிடப் பெரிதாகிவிடும்.

"நாலு பேர் எழுத, ஒன்பது பேர் சும்மா இருப்பார்கள்" என்பது இரண்டாவது எதிர்ப்பு. எங்கள் வகுப்பிலும் அப்படித்தான் தொடங்கியது. பக்கத்தைப் பங்கு போட்டுக் கொடுத்த பிறகுதான் மாறியது. ஒருவருக்கு எழுதும் வேலை, ஒருவருக்குச் சான்று தேடும் வேலை, ஒருவருக்குப் பிழை திருத்தும் வேலை என்று வாரத்துக்கு வாரம் மாறும். எழுத்து வராதவன் என்று நாங்கள் நினைத்த ஒருவன் பிழை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரனாக இருந்தான்.

"ஆசிரியருக்கு வேலை கூடும்" என்பது மூன்றாவது. முதல் இரண்டு மாதம் கூடும், மறுக்க முடியாது. எங்கள் டீச்சர் இரவில் உட்கார்ந்து திருத்தினார். அந்த நேரத்துக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. மாநிலக் கல்வி இலாகா இதை ஆசிரியர் பயிற்சி நேரமாக ஏற்றுக்கொண்டால், நல்ல மனம் உள்ள ஓர் ஆசிரியரை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பையும் மறக்கக்கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பொதுத் தளத்தில் உண்மைப் பெயர், பள்ளி, புகைப்படம், தொலைபேசி எண் எதையும் போடக்கூடாது. வகுப்பு விக்கியைப் பூட்டி வைத்து, சரிபார்த்த பக்கங்களை மட்டும் வெளியிடுவது நல்லது.

சாவியை யாரிடம் கொடுத்தோம்?

எங்கள் விக்கி என்ன ஆனது என்று சொல்லாமல் முடித்தால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. எஸ்பிஎம் முடிந்தது. டீச்சர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனார். நாங்கள் மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், வேலை என்று பிரிந்தோம். இரண்டு ஆண்டு கழித்து ஒரு நாள் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியாகத் தொகுத்த நாள், எங்கள் தேர்வுக்கு முந்தைய வாரம். அதற்குப் பிறகு ஒரு சொல்கூட மாறவில்லை. எங்களுக்குப் பின் அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. அதே இணைமொழிகளுக்கு அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து விளக்கம் எழுதியிருப்பார்கள்.

தவறு எங்களுடையது. எழுதக் கற்றுக்கொண்டோம், ஒப்படைக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே, மாணவர்களே, தொடங்க நினைத்தால் சிறியதாகத் தொடங்குங்கள். டெலிமா கணக்கில் இருக்கும் கருவிகளைக் கொண்டே, எல்லாரும் தொகுக்கக்கூடிய ஒரு பக்கம் போதும். முதல் தலைப்பாக உங்கள் தோட்டத்தின் அல்லது தாமானின் பெயர்க் காரணத்தை எடுங்கள். ஆசிரியர் எழுதிய ஒரு வரியை, காரணம் சொல்லி, மரியாதையோடு திருத்திப் பாருங்கள். ஆசிரியர்களே, முதல் திருத்தம் வரும்போது நன்றி என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் எல்லாப் பக்கங்களையும் தரவிறக்கி, பள்ளியில் ஒரு பிரதி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஒரு பிரதி வையுங்கள். கீழ்ப் படிவத்தில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துச் சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் பள்ளியை விட்டுக் கிளம்ப வேண்டும். 21 பள்ளிகளும் தனித்தனியாகச் செய்வதைவிட, மாவட்டத்துக்கு ஒரு விக்கி என்று மூன்றோடு தொடங்குவது எளிது.

என் தோழியின் பாட்டி சென்ற ஆண்டு காலமானார். அவர் சொன்ன ஒட்டுப்பால் விளக்கமும், பிறகு சொன்ன கட்டிப்பால் விளக்கமும் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. கடந்த விடுமுறையில் நானும் தோழியும் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் தரவிறக்கினோம். நாற்பத்திரண்டு பக்கங்கள். இப்போதைய ஞாயிறு வகுப்பில் படிக்கும் நான்காம் படிவத் தங்கைகள் இருவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறோம். "அக்கா எழுதுனத நாங்க மாத்தலாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

மாற்றத்தான் கொடுத்தோம் என்றோம்.